கடலுக்கு வெள்ளையடிச்ச ஊரு

ஆமா, சொரண்டினேன். கீழத்தெருவு சமுதாயக் கூடத்துச் சுவத்தை நான்தான் சொரண்டினேன், திருட்டுத்தனமா இல்ல மாமா, நேத்து பட்டப்பகல்ல, பதினொன்ற மணிக்கு, கடல் ஏறி தெருவே பரண்ல படுத்துக்கெடந்த நேரத்துல, அப்பாவோட கொத்துக்கரண்டிய எடுத்துக்கிட்டுப் போயி ஓரத்துல ஒரு முழ அகலத்துக்கு மேலேர்ந்து கீழ வரைக்கும் சொரண்டினேன். பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு வாய் ஆவாதுங்கிறீங்க. வாய மூடிக்கிட்டுத்தான் சொரண்டினேன், அதுக்கும் கத்துறீங்க. ஊர் மானம் போயிருச்சாம். ஏன், ஊர் மானத்த சுண்ணாம்புக்குப் பின்னாடியா ஒட்டி வச்சிருந்தீங்க? சோறு போட்டவன் மேல மண்ணள்ளிப் போடுறேனாம். சரி, யாரு சோறு, யாரு மண்ணுன்னு பேசிருவோம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வெளியூர்லேர்ந்து பேப்பர்காரங்க நாலு பேரு வந்து நிக்கிறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் புரியல, மொத்தக் கதையையும் அவங்களுக்குச் சொல்றேன், நடுவுல பொய் வந்தா நீங்க கைய நீட்டுங்க.

நான் இலக்கியா, கெமிஸ்ட்ரி மூணாவது வருஷம். இப்ப கத்துனாரே, இவரு கலியபெருமாள், எங்கம்மா சின்னப்பொண்ணோட கூடப்பொறந்த அண்ணன், சிமெண்டு ஃபேக்டரிக்கு ஆள் விடுற கான்ட்ராக்டரு, வெள்ளையடிப்புச் சங்கத்துக்குத் தலைவரு. எங்கப்பா ராசாங்கத்துக்குச் சூளையில வேல வாங்கிக் குடுத்ததும் இவருதான், ரெண்டு நாளா அப்பாவ ஷிஃப்டுக்குக் கூப்புடாம விட்டதும் இவருதான்.

இந்த சாத்தமேட்டுக்குக் கடல் வந்தது ஏழு வருஷத்துக்கு முன்னாடி, ஆடி மாசத்துல ஒரு செவ்வாக்கெழம, ஃபேக்டரிக்காரங்க ரெண்டாவது சூளைய பத்த வச்ச மூணாம் நாளு. காலையில பதினொரு மணி இருக்கும். ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல்லு வெட்டுற மைன்ஸ் குழியிலேர்ந்து அது பொறுமையா ஏறி, கருவக்காட்ட தாண்டி, கீழத்தெருவுக்குள்ள நொழஞ்சு, ஒவ்வொரு வீட்டுப் படியா ஏறி, இடுப்பு ஒசரத்துக்கு வந்து நின்னுச்சு. தண்ணி இல்ல. ஒரு சொட்டு ஈரம் கெடையாது. கண்ணுக்கு எதுவும் தெரியல. ஆனா துப்பட்டா மெதந்துச்சு, கோழிங்க மெதந்துச்சு, நடந்தா கால இழுத்துச்சு, ஒதட்ட நக்குனா உப்புக் கரிச்சுச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு வந்த வழியே எறங்கிப் போயி குழிக்குள்ள படுத்துருச்சு. போவும்போது எல்லாச் சுவத்துலயும் வெள்ளையா ஒரு உப்புக்கோடு வச்சிட்டுப் போச்சு.

ஊரு அன்னைக்கு ஒருநாள்தான் பேசுச்சு. புதன்கெழம காலையில டீக்கடையில, கடல் நேரத்துல பஸ்ஸு நிக்குமா நிக்காதான்னுதான் பேச்சு.

பழகுறதுக்கு ஒரு மாசம் கூட ஆவல. பொம்பளைங்க பொடவை மெதக்காம இருக்க முந்தானையில கல்ல முடிஞ்சுகிட்டாங்க, அதுவும் மைன்ஸ்ல கெடைக்கிற நத்தை மாதிரி சுருண்ட கல்லு, ஒரு காலத்துல உசுரோட நீந்திக்கிட்டிருந்த கல்லு. கோழிக் கால்ல கயிறு கட்டி அம்மிக்கல்லுல கட்டுனாங்க. தராசுல எடைக்கல்லு மெதந்து பொட்டலத்துல சரக்கு கொறையுதுன்னு சந்தையில அடிதடியாகி, பதினொண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் தராசத் தொடக் கூடாதுன்னு பஞ்சாயத்துல தீர்மானம் போட்டாங்க, ரேஷன் கடைக்காரரு மட்டும் பன்னெண்டு மணிக்குத்தான் கடையத் தொறப்பேன்னு அடம் புடிச்சாரு. கல்யாணப் பத்திரிகையில முகூர்த்த நேரத்துக்குக் கீழ கடல் நேரம்னு ஒரு வரி சேந்துச்சு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மத்தியானம் நடக்குறத விட்டுட்டு எட்டி எட்டித் தாவிக்கிட்டுப் போச்சுங்க, பி.டி. சாரு நீளந்தாண்டல் போட்டிய மத்தியானத்துக்கு மாத்தி மாவட்டத்துல பேரு குடுத்து அசிங்கப்பட்டு வந்தாரு.

மேலத்தெருவு நெஞ்சு ஒசரம் மேடு. அங்க கடலு கணுக்காலோட நின்னுரும். அங்க இருக்கிறவங்களுக்குக் கடல் ஒரு சொகம், காலத் தொங்கப் போட்டு உக்காந்து ஆட்டுவாங்க. எங்க மாமா ரெண்டு மாடி கட்டிக்கிட்டுப் போனது அங்கதான்.

கீழத்தெருவுக்குக் கொஞ்சம் வேற. மூழ்குனா யாரும் செத்துரல, ஆனா மூச்சு பாதியிலயே நின்னுக்கும், மூட்டையத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுன மாதிரி. சூடும் வெளியப் போவாது. பதினொரு மணிக்கு எறக்குன சோறு நாலு மணிக்குத் தொட்டாலும் சுடும், தயிரு ஒரு மணி நேரத்துல புளிச்சிரும், வேர்வை வழியும் காயாது. அதனால கோடு எங்க நிக்கிதோ அதுக்கு மேல வாழக் கத்துகிட்டாங்க. தொட்டில உத்தரத்தோட ஒட்டிக் கட்டுனாங்க. அடுப்ப மேடையில ஏத்துனாங்க. ஆடுங்கள பரண்ல ஏத்துனாங்க. பதினொண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் குனியக் கூடாதுன்னு ஒரு பழக்கம் வந்துச்சு, கீழ எது விழுந்தாலும் சாயங்காலம்தான் எடுப்பாங்க. மழையும் மாறிப்போச்சு. ஐப்பசி பூரா ஒரு தூத்தல் இருக்காது, கார்த்திகையில ஒரே மத்தியானத்துல ரெண்டு மாசத்து மழையக் கொட்டிட்டுப் போவும், கடலக்காயி செடியோட மெதந்து போவும்.

நம்ம ஊருக்காரங்க சும்மா இருப்பாங்களா. கடல் வந்துருச்சுல்ல, அப்ப கடலோர கிராமம்தானேன்னு, மீன்புடித் தடைக்கால நிவாரணம் கேட்டு மனு போட்டாங்க. மொத வந்த ஆபீசரு லைஃப் ஜாக்கெட்டு மாட்டிக்கிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, 'கடல் காணப்படவில்லை'ன்னு எழுதிட்டுப் போனாரு. ரெண்டாவது வந்தவரு மத்தியானம் வந்தாரு, அவரு ஃபைலே மெதந்து போயிருச்சு.

கடல் இருக்குன்னு கேள்விப்பட்டு நாகப்பட்டணத்துப் பக்கத்துலேர்ந்து நாகமுத்துன்னு ஒருத்தரு வலையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி வந்தாரு. புளியமரத்துக்கும் கரண்டு கம்பத்துக்கும் நடுவுல வலையக் கட்டிட்டு உக்காந்தாரு. நாலு மணிக்குப் பாத்தா வலையில ரெண்டு கோழி, ஒரு லுங்கி, அவ்வளவுதான். ஆனா வலைய அவுக்க ஆறு ஆம்பளைங்க வேண்டியிருந்துச்சு, அவ்வளவு பாரம். அவரு வலைய மடிச்சுக்கிட்டே, "என்னங்க இது, இது எறங்கும்போது கொஞ்சம் வச்சிட்டுல்ல போவுது. ஏறுறது ஒரு சாணு, எறங்குறது அதுல ஒரு நூலு கம்மி. எங்கூர்ல இப்புடி ஒரு கடல் இருந்தா நாங்க படகு வாங்க மாட்டோம், பொட்டியக் கட்டுவோம்"னாரு. மாமா அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து கடைசி பஸ்ஸுக்கு ஏத்திவிட்டாரு. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்.

அந்தக் கடல் எங்கேர்ந்து வந்துச்சுங்கிறது பெரிய ரகசியமில்ல. மொத வருஷ லேப்ல ஒரு துண்டு கல்ல சூடு பண்ணித் தராசுல வச்சாங்க, நானே பாத்தேன். நூறு கிலோ சுண்ணாம்புக்கல்ல வேக வச்சா அம்பத்தாறு கிலோதான் மிஞ்சும். மிச்சம் நாப்பத்திநாலு கிலோ காத்தாப் போயிருது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்க இருந்த கடல்ல நத்தையும் சிப்பியும் அந்தக் காத்தப் புடிச்சு ஓட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு செத்துப்போச்சுங்க. அதத்தான் நாம வெட்டி எடுத்து, நிலக்கரியப் போட்டு வேக வச்சு, பூட்டத் தொறந்து விடுறோம். கல்லுலேர்ந்து கொஞ்சம், கரியிலேர்ந்து கொஞ்சம், லாரி டீசல்லேர்ந்து கொஞ்சம். மத்த ஊருக்கும் இந்தக் கடல் போவுது. அங்க அது துப்பட்டாவத் தூக்கல, அதனால தெரியல.

எரும ஏப்பம் விடலையா, நெல்லு வயல்லேர்ந்து வரலையா, நீ ஸ்கூட்டி ஓட்டலையான்னு கேக்குறீங்க. வருது மாமா. எல்லாத்துலேர்ந்தும் வருது, என் ஸ்கூட்டியிலேர்ந்தும் வருது, நான் என்ன சைக்கிள்ல வந்தேன்னா சொன்னேன்? ஆனா போன வருஷம் உள்செங்கல் மாத்த நாப்பது நாளு ரெண்டு சூளையையும் அணைச்சாங்கல்ல, அப்ப எரும நிறுத்துச்சா? வயலு நிறுத்துச்சா? நான் தெனம் சாயங்காலம் கதவு நிலையில பென்சில்ல கோடு போட்டேன். நாப்பது நாளும் கோடு இருந்த எடத்துலயே இருந்துச்சு, ஒரு மயிரிழை கூட ஏறல. அதே நேரம் ஒரு மயிரிழை எறங்கவும் இல்ல. நிறுத்துனா நிக்கும், போவாது. நாப்பத்தியோராம் நாளு சூளையப் பத்துனாங்க, மறுபடி ஏற ஆரம்பிச்சுது.

இப்ப சுண்ணாம்புக்கு வரேன், ஏன்னா அங்கதான் நம்ம ஊரு புத்திசாலித்தனம் இருக்கு.

கடல் வந்த ரெண்டாவது வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிச்ச வீட்டுக்குள்ள மட்டும் கடல் ரெண்டு நாளு ஒரு வெரக்கட கீழ நின்னுச்சு. அத மொதல்ல கண்டுபுடிச்சது மாமாதான், அதுல எனக்குப் பொறாம இல்ல. ஈரச் சுண்ணாம்பு காஞ்சு கல்லாவுறப்ப காத்தக் குடிக்கும், அது நெசம். அவ்வளவுதான், ஊரு புடிச்சுக்கிச்சு. சங்கம் வச்சாங்க, சங்கத்துக்கு பனியன் அடிச்சாங்க, ஃபேக்டரி எலவசமா சுண்ணாம்பு மூட்டை எறக்குச்சு, வெள்ளிக்கெழமைக்கு வீட்டுக்கு ஒரு ஆளு மட்டையும் வாளியுமா வரணும்னு கட்டுப்பாடு போட்டாங்க. சுவத்துக்கு அடிச்சாங்க, மதகுக்கு அடிச்சாங்க, பஸ் ஸ்டாப்புக்கு அடிச்சாங்க, புளியமரத்த உச்சி வரைக்கும் அடிச்சாங்க, கம்பத்துக்கு அடிச்சாங்க, சுடுகாட்டுக் கொட்டகைக்கு அடிச்சாங்க, அடிக்க எடமில்லாம ஒருநா எரும மாட்டுக்கு அடிச்சாங்க, அது வெள்ளையா நின்னுகிட்டு தன்னையே அடையாளம் தெரியாம ரெண்டு நாளு தீனி எடுக்கல. மேலேர்ந்து பாத்தா ஊரே ஒரு முட்டை மாதிரி இருக்கும். கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து பாராட்டுப் பத்திரம் வந்துச்சு.

அப்பா ஒருநா சாப்புட்டுக்கிட்டே, யாருகிட்டயோ சொல்ற மாதிரி, "சூளைக்குப் பின்னாடி சின்னதா ஒண்ணு வச்சிருக்கான். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு அதுலதான் வேவுது"ன்னாரு.

அம்மா, "எதுல வேவுது?"ன்னு கேட்டுச்சு.

"கல்லும் கரியும்தான். வேற எதுல வேவும்?"

நான் சாப்பாட்ட நிறுத்திட்டேன். கடலக் குடிக்கிறதுக்குன்னு நாம அடிக்கிற சுண்ணாம்பு, வேவும்போது அதே கடலக் கக்கிட்டுத்தான் வந்திருக்கு. கக்குனதத்தான் திரும்பக் குடிக்குது, அதையும் முழுசாக் குடிக்கிறதில்ல. வேக வச்ச கரி கக்குனத யாரு குடிக்கிறது? நாம எவ்வளவுக்கெவ்வளவு வெள்ளையடிச்சோமோ அவ்வளவுக்கவ்வளவு கடல் ஏறிக்கிட்டு இருந்துச்சு, ஏறுன கோட்டு மேலேயே அடுத்த பொங்கலுக்கு வெள்ளையும் அடிச்சோம். வருஷா வருஷம் சுவரு புதுசா இருந்துச்சு. போன வருஷம் எங்க இருந்துச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியல, எப்பவும் இப்புடித்தானேன்னாங்க. அஞ்சு வருஷமா எல்லாரும் ஒழச்சு, ஒத்துமையா, பனியன் போட்டுக்கிட்டு இதப் பண்ணியிருக்கோம்.

நேத்து நான் சொரண்டுன எடத்தப் பாருங்க, பேப்பர்காரங்களே, போட்டோ எடுங்க. ஏழு பூச்சு, ஏழு கோடு. அடியில இருக்கிறது மூணடி ஓரங்குலம். அப்புறம் ரெண்டு ரெண்டு அங்குலமா ஏறியிருக்கு. மேல இருக்கிறது, இந்த வருஷத்துது, நாலடி ஓரங்குலம்.

எங்கம்மா நாலடி எட்டு அங்குலம்.

அதாவது கோடு இப்ப அதோட ஒதட்டுல நிக்கிது. பதினொண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் எங்கம்மா மொகத்தத் தூக்கிக்கிட்டுத்தான் நடக்கும், எதையோ தேடுற மாதிரி. தெருவுல இத யாரும் கேக்குறதில்ல, குட்டையானவங்க எல்லாரும் அப்புடித்தான் நடக்குறாங்க. சித்திரையில ஒருநா பால் பாத்திரம் கைதவறிருச்சு, பழக்கதோஷத்துல குனிஞ்சுருச்சு. நான் பாக்கும்போது அடுப்படியில சுருண்டு கெடக்குது, பாலு அதச் சுத்தி சூடு ஆறாம கெடக்குது. மாமாதான் வண்டியில தூக்கிக்கிட்டு மேலத்தெருவுக்குப் போனாரு. மறைக்கல நான், நீங்கதான் போனீங்க, அழுதுகிட்டே போனீங்க, உங்க சட்டையெல்லாம் பாலு. அது மூச்சு விட்டதும் நீங்க டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க? "தங்கச்சிக்கு பிரஷரு சார்"ன்னீங்க.

அம்மா கண்ணத் தொறந்து, "பிரஷரு எனக்கா, உனக்காண்ணே?"ன்னுச்சு.

இப்ப மூணாவது சூளை வருது. இருக்கிற ரெண்டயும் சேத்தா எவ்வளவோ அவ்வளவு பெருசு. அதுக்குத்தான் இன்னைக்குப் பதினொரு மணிக்குக் கருத்துக் கேட்பு. எங்க வச்சிருக்காங்க? மேலத்தெருவு கல்யாண மண்டபத்துல, மாடியில. கீழத்தெருவு மூழ்குற நேரத்துல கீழத்தெருவுக்காரங்க கருத்தக் கேக்குறாங்களாம். அந்தச் சூளைக்குன்னு ஃபேக்டரிக்காரங்க குடுத்த சுற்றுச்சூழல் ரிப்போர்ட்ட நான் படிச்சேன், முன்னூத்திச் சொச்சம் பக்கம், கீழத்தெருவுப் பேரு ஒரே எடத்துல வருது. என்னன்னு வருது தெரியுமா? 'பாதிக்கப்படக்கூடிய நாற்பது குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்டூல் வழங்கப்படும்.' சிரிக்காதீங்க. முந்தாநேத்து மாமா மாதிரிக்கு ஒண்ணு கொண்டாந்து எங்க வீட்டுல போட்டாரு, செவப்புக் கலரு. அம்மா அது மேல ஏறி நின்னு பாத்துச்சு.

"நல்லாத்தாண்ணே இருக்கு. தண்ணி எடுக்கப் போனா இத இடுப்புல வச்சுக்கறதா, கொடத்த வச்சுக்கறதா?"

நீங்க டீ கூடக் குடிக்காமப் போனீங்க. மறுநா அப்பாவுக்கு ஷிஃப்டு இல்ல.

உங்களுக்கும் கஷ்டம் இருக்கு, தெரியும். உங்க கையில எரநூறு ஆளு வேல பாக்குது, சூளைய அணைச்சா அந்த எரநூறு வீட்டுக்கும் என்ன பதில்னு கேக்குறீங்க. நியாயமான கேள்வி, அதையும் மேடையில கேளுங்க, ஃபேக்டரிக்காரங்க உக்காந்திருப்பாங்க, அவங்ககிட்டக் கேளுங்க. அத ஏன் என்கிட்ட கேக்குறீங்க, ஒரு கொத்துக்கரண்டி வச்சிருக்கிறவகிட்ட? நீங்க சங்கத்து ஆளுங்கள ரெண்டு வாளியோட கூட்டியாந்திருக்கீங்க, பாத்தேன். கூட்டம் முடியறதுக்குள்ள இந்த ஏழு கோட்டையும் மறைச்சிரணும், அதானே? அடிங்க. நான் தடுக்க மாட்டேன். பேப்பர்காரங்க போட்டோ எடுத்தாச்சு.

மணி பத்தே முக்கால். அதோ குழிப்பக்கம் கருவக்காடு அசையுது, காத்தே இல்ல, பாருங்க, வருது. பேப்பர்காரரே, கேமராவக் கழுத்துல நல்லா மாட்டிக்கங்க, மெதக்கும்.

யாரு அது, வழி விடுங்க. அம்மா, நீ ஏம்மா வந்த, வீட்டுக்குப் போ, பரண்ல ஏறிக்க. அளக்கவெல்லாம் வேணாம், நான் பேசிக்கிறேன்.

"நீ பேசிக்கிட்டேதான் இருக்க. தள்ளு. செருப்ப அவுத்துட்டு நிக்கணுமா, போட்டுக்கிட்டா?"

அவுத்துட்டே நில்லும்மா.

பாத்துக்கங்க எல்லாரும். சொரண்டுன சுவத்துல முதுக ஒட்டி நிக்கிது, மேல் கோடு அது ஒதட்டுக்கு நேரா இருக்கு. வாளி புடிச்ச அண்ணனுங்களே, ஏன் நிறுத்திட்டீங்க, வாங்க, அடிக்கணும்னா சின்னப்பொண்ணு மேலயும் சேத்துத்தான் அடிக்கணும்.

மாமா, மண்டபத்துக்குப் போற வழியப் பாக்காதீங்க. கலெக்டர் வண்டி இந்தத் தெருவத் தாண்டித்தான் போவணும், இங்கயே நிறுத்தச் சொல்லுங்க, மைக்க இங்க கொண்டாரச் சொல்லுங்க, ஃபேக்டரிக்காரங்களும் எறங்கி வரட்டும், முட்டி வரைக்கும் வந்துருச்சு, அவங்களுக்கும் தெரியட்டும். 'வளர்ச்சி'ன்னு ஆரம்பிக்காதீங்க. எரநூறு குடும்பத்துக்குப் பின்னாடி போயி நிக்காதீங்க. மூணாவது சூளை வராட்டியும் அடுத்த பொங்கலுக்குக் கோடு இந்த மூக்குல நிக்கும். வந்தா எங்க நிக்கும்? அங்குலத்துல சொல்லுங்க. உங்க தங்கச்சி, நீங்க சட்டையெல்லாம் பாலோட தூக்கிக்கிட்டு ஓடுன உங்க தங்கச்சி, அந்தக் கோட்டுக்குக் கீழ பதினொண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் எதால மூச்சு விடணும்? என்கிட்டத் தனியா வேணாம், வீட்டுக்குள்ள வச்சு வேணாம். இந்தத் தெருவு மொத்தமும் நிக்கிது, இது இடுப்புக்கு ஏறுறதுக்குள்ள, மைக்கப் புடிச்சு, உங்க பேரச் சொல்லி, பதில் சொல்லுங்க.